நாற்பத்தைந்தைக் கடந்தவரின் ஞாயிறு ஓட்டம்: ஏன் நீளமாக, ஏன் மெதுவாக?

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு மெரினா காமராசர் சாலையிலோ பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலோ நின்று பார்த்தால், குழுக் குழுவாக ஓடிவருகிறவர்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வங்கி அதிகாரி, ஆசிரியை, கடை வைத்திருப்பவர், மென்பொருள் நிறுவனத்து மேலாளர் என்று வாரம் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்கள். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் பிறகு ஓடியதே இல்லை என்பவர்களும் அவர்களில் உண்டு. ஜனவரி தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானையோ 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானையோ முடித்துவிட வேண்டும் என்பது பலருடைய இலக்கு. அதற்காக வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் ஞாயிறு, மற்ற நாட்களைவிட அதிக தூரம் ஓடுகிறார்கள். ஓடுகிறவர்கள் அதை 'லாங் ரன்' என்கிறார்கள். நாம் நீள் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த ஓட்டம் உடம்பில் என்ன செய்கிறது, நடுவயதுக்காரர் அதை எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும், என்ன குடிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம். எல்லாவற்றிலும் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீள் ஓட்டத்தை மெதுவாக ஓட வேண்டும். பலர் நினைப்பதைவிட இன்னும் மெதுவாக. நடுவயதில் இந்தப் பயிற்சி பலன் தருவதற்கும், பத்து வருடம் தொடர்வதற்கும் அதுதான் வழி.

எங்கிருந்து வந்த பழக்கம் இது?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட், 1940களிலும் 1950களிலும் தன் உடம்பையே வைத்து ஓட்டப் பயிற்சிகளைச் சோதித்துப் பார்த்தார். தன்னிடம் வந்த எல்லோரையும், அவர்கள் எந்தப் போட்டிக்குத் தயாரானாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் வைட்டாகெரே மலைப்பகுதிச் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர் ஓடவைத்தார். பீட்டர் ஸ்னெல் அவர்களில் ஒருவர். அவர் போட்டியிட்டது வெறும் 800 மீட்டர். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் போட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிப் பயிற்சி செய்வதா என்று அன்று பலருக்கும் வியப்பு. 1960 ரோம் ஒலிம்பிக்கில், செப்டம்பர் 2 அன்று, ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வென்றார். அதே நாளில் லிடியார்டின் இன்னொரு மாணவர் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் தங்கம் வென்றார். மூன்றாவது மாணவர் பாரி மேகி மாரத்தானில் வெண்கலம் பெற்றார்.

நமக்கு அதைவிட நெருக்கமானது அதற்குப் பிந்தைய கதை. 1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் நடுவயதுக்காரர்களும் முதியவர்களும், இதயநோய் கண்டவர்கள் உட்பட, சேர்ந்து மெதுவாக ஓடும் குழு ஒன்று லிடியார்டின் ஊக்கத்தில் உருவானது. அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே போனபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. தன்னைவிட மூத்தவர்களோடு ஓடிப் பார்த்து, அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார். ஊர் திரும்பியதும் ஓர் இதயநோய் மருத்துவரோடு சேர்ந்து 'ஜாகிங்' பற்றிப் புத்தகம் எழுதினார். அமெரிக்காவில் சாதாரண மக்கள் தெருவில் ஓடும் பழக்கம் பரவ அது ஒரு பெரிய காரணம். ஆக, மெதுவாக நெடுந்தூரம் ஓடுவது ஒலிம்பிக் வீரர்களின் பயிற்சியாக இருந்த காலத்திலேயே நடுவயதுக்காரர்களின் பயிற்சியாகவும் இருந்திருக்கிறது.

தாமதமாகத் தொடங்கிவிட்டோமே என்று வருந்துகிறவர்கள் ஜாக் ஃபாஸ்டரை நினைத்துக்கொள்ளலாம். நியூசிலாந்தில் குடியேறிய அவர் ஓடத் தொடங்கியதே 32 வயதில். 41 வயதில், 1974 கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில், மாரத்தானை 2 மணி 11 நிமிடத்தில் ஓடி வெள்ளி வென்றார். நம் ஊரில், 2021இல் தமிழக சுகாதாரத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓட வந்து நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார்.

உடம்புக்குள் நடப்பது

மெதுவான நீள் ஓட்டம் நான்கு வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, தசைச் செல்களுக்குள் ஆக்சிஜனை வைத்து ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. அமெரிக்க விஞ்ஞானி ஜான் ஹாலோசி 1967இல் எலிகளைத் தினமும் நெடுநேரம் ஓடவைத்து இதை நிறுவினார். ஓடிய எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறத்தாழ இரட்டிப்பானது. மனிதத் தசையும் பயிற்சிக்கு இதே திசையில்தான் மாறுகிறது.

இரண்டாவது, தசை நார்களைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் அதிகரிக்கின்றன. மூன்றாவது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. சில மாதங்கள் ஓடியவருக்கு ஓய்வு நேரத்து நாடித்துடிப்பு குறைவது இதனால்தான்.

நான்காவது, உடம்பு கொழுப்பை எரிக்கக் கற்றுக்கொள்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள மாவுச்சத்தான கிளைக்கோஜன் மொத்தம் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். அதிலிருந்து கிடைப்பது சுமார் 2,000 கலோரி. ஓடுவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் 30 கிலோமீட்டர் ஓடினால் 2,100 கலோரி. முழு மாரத்தானில் 30, 32 கிலோமீட்டர் அருகே கால்கள் திடீரென்று ஈயம்போல் கனத்துப்போவதை ஓடுகிறவர்கள் 'சுவரில் மோதுவது' என்பார்கள். கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். கொழுப்பிலிருந்து கூடுதல் ஆற்றலை எடுக்கப் பழகிய உடம்பில் கிளைக்கோஜன் மெல்லத்தான் தீரும்.

இந்த நான்கும் மெதுவான ஓட்டத்தில் நன்றாகவே நடக்கின்றன. வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தையே நாடும். தசை, மூட்டு, தசைநாண் எல்லாவற்றிலும் தேய்மானம் ஏறும். தேறிவர நாட்கள் பிடிக்கும். நீள் ஓட்டத்தில் நமக்கு வேண்டியது ஓடிக்கொண்டிருக்கும் நேரம். அதை வேகமாக முடித்தால் நேரமும் குறைகிறது, களைப்பும் கூடுகிறது.

நாற்பத்தைந்துக்கு மேல் என்ன மாறுகிறது?

உடம்பு ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜனின் அளவு, முப்பது வயதுக்குப் பிறகு பயிற்சி இல்லாதவர்களிடம் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. விடாமல் பயிற்சி செய்கிறவர்களிடம் இந்தச் சரிவு ஏறத்தாழ பாதிதான். தசையின் அளவும் பலமும் குறையத் தொடங்கும். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் முன்போல் நெகிழாது. இருபத்தைந்து வயதுக்காரர் ஒரே நாளில் தேறிவிடும் ஓட்டத்துக்கு, ஐம்பது வயதுக்காரருக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

இன்னொரு ஆபத்து, மூச்சும் இதயமும் முந்திக்கொள்வது. ஓடத் தொடங்கிய சில வாரங்களில் மூச்சு பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழகுவதற்கோ பல மாதங்கள் வேண்டும். 'மூச்சு வாங்கவே இல்லையே' என்று தூரத்தைக் கூட்டுகிறவருக்குக் குதிகால் வலி, பாத வலி, முழங்கால் வலி வருவது இந்த இடைவெளியில்தான்.

'இந்த வயதில் ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்' என்ற பயம் நம் வீடுகளில் அதிகம். உடல்நலத்துக்காக அளவாக ஓடுகிறவர்களைப் பொறுத்தவரை ஆய்வுகள் அந்தப் பயத்தை ஆதரிக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், இப்படி ஓடுகிறவர்களில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தவர்கள் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் 10.2 சதவீதம், போட்டிகளுக்காகவே கடுமையாக ஓடியவர்களில் 13.3 சதவீதம். மூட்டு வலி இருப்பவர்கள் ஓடுவதில்லை என்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆனாலும் அளவான ஓட்டம் மூட்டைத் தின்றுவிடும் என்பதற்கு இதில் சான்று இல்லை. ஏற்கெனவே முட்டியில் வீக்கமோ பழைய காயமோ உள்ளவர்கள் எலும்பு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

ஷூ வாங்குவதற்கு முன் மருத்துவர்

ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கர் 1977இல் ஓட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. 1984இல், 52 வயதில், வெர்மான்ட் மாநிலத்துச் சாலை ஒன்றில் ஓடியபோது மாரடைப்பில் இறந்தார். அவருடைய தந்தை 43 வயதிலேயே இதயநோயால் இறந்தவர். ஃபிக்ஸும் முன்பு நிறையப் புகைபிடித்தவர். ஓட்டம் அவர் ஆயுளைக் கூட்டியிருக்கவே வாய்ப்பு உண்டு. ஆனால் அடைத்திருந்த ரத்தக்குழாயை ஓட்டம் மட்டுமே சரிசெய்துவிடாது.

இதைப் படித்துப் பயந்து ஓடாமல் இருந்துவிட வேண்டாம். 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பங்கேற்புகளை ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. அத்தனை ஓட்டங்களில் திடீரென்று இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். அதாவது சுமார் 1,84,000 பேருக்கு ஒருவர். அந்த 59 பேரில் 51 பேர் ஆண்கள். அபாயம் மிகக் குறைவு. யாருக்கு அதிகம் என்பதும் தெரிகிறது. தெற்காசியர்களுக்கு இதயநோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது என்பதால் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எனவே நாற்பதைக் கடந்து ஓட வருகிறவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிரெட்மில் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். சாப்பிடும் மருந்துகளையும் அவரிடம் பேசுங்கள். இன்சுலின் அல்லது சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு இரண்டு மணி நேர ஓட்டத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அவர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தர வேண்டியிருக்கும். ஓடி முடித்ததும் பாதத்தில் கொப்புளம், புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களின் நாடித்துடிப்பு மற்றவர்களுக்கு ஏறும் அளவுக்கு ஏறாது. அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி ஓடக் கூடாது.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், படபடப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லி இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடாதீர்கள். உடன் ஓடுகிறவரிடம் சொல்லி, 108ஐ அழையுங்கள்.

எவ்வளவு மெதுவாக?

எளிய சோதனை, பேச்சு. பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தனியாக ஓடுகிறவர் மெல்ல வாய்விட்டுப் பேசிப் பார்க்கலாம்.

எண்ணில் வேண்டுமென்றால் ஓர் உதாரணம். பத்து கிலோமீட்டரை முயன்று ஓடி 65 நிமிடத்தில் முடிக்கிறவரின் வேகம், கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம். இவர் நீள் ஓட்டத்தை ஏழரை முதல் எட்டேகால் நிமிட வேகத்தில் ஓட வேண்டும். நாடித்துடிப்பைப் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு: வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழித்தால் அதிகபட்சத் துடிப்பு உத்தேசமாகக் கிடைக்கும். ஐம்பது வயதுக்கு அது 173. அதில் 65 முதல் 75 சதவீதம், அதாவது 112 முதல் 130 வரை, நீள் ஓட்டத்துக்கு ஏற்றது. இது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் மாறும் என்பதால் பேச்சுச் சோதனையையே பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேகத்திலும் மூச்சு வாங்கினால் நடுவே நடக்கலாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, புதிதாக ஓட வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிரபலமாக்கிய முறை இது. நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே மாறி மாறிச் செய்ய வேண்டும். களைத்த பிறகு நடப்பதைவிட, களைப்பதற்கு முன்பே நடப்பதில்தான் பலன். நடந்தால் அது ஓட்டம் ஆகாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இதயத்துக்கும் தசைக்கும் அந்த ஒரு நிமிட நடை பயிற்சியைக் கெடுப்பதில்லை.

குழுவாக ஓடுவதில் நன்மை அதிகம். அலாரம் அடித்ததும் எழவைப்பதே அந்தக் குழுதான். ஆனால் முப்பது வயதுக்காரர்களோடு ஈடுகொடுத்து ஓடத் தூண்டுவதும் அதே குழுதான். உங்கள் வேகத்துக்கு ஒத்தவர்கள் இருவர் கிடைத்தால் போதும், அவர்களோடு ஓடுங்கள்.

எவ்வளவு தூரம்?

ஏற்கெனவே பத்து கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடுகிறவர், ஜனவரி அரை மாரத்தானுக்கு அக்டோபர் முதல் ஞாயிற்றிலிருந்து தயாராகலாம். ஞாயிறு தூரங்கள் இப்படி அமையும்: முதல் மாதம் 10, 11, 12, பிறகு இறங்கி 9. அடுத்த மாதம் 13, 14, 15, இறங்கி 11. மூன்றாவது மாதம் 16, 17, 18, இறங்கி 13. அதற்கடுத்த வாரம் 12 கிலோமீட்டர், அதற்கடுத்து போட்டி. நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைப்பது முக்கியம். உடம்பு பலப்படுவது ஓடும்போது இல்லை, ஓடியதிலிருந்து தேறும்போதுதான். 18 கிலோமீட்டர் ஓடியவர் போட்டியில் 21 ஓடிவிடுவார்; பயிற்சியிலேயே 21 ஓடிப் பார்த்தாக வேண்டும் என்பதில்லை.

முழு மாரத்தானுக்கு இதே முறையில் 28 முதல் 32 கிலோமீட்டர் வரை போகலாம். ஆனால் தூரத்தைவிட நேரத்தைப் பாருங்கள். மூன்று, மூன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் கிடைக்கும் பயனைவிடத் தேய்மானம் அதிகம். எட்டு நிமிட வேகத்தில் ஓடுகிறவருக்கு 26 கிலோமீட்டரிலேயே மூன்றரை மணி நேரம் நெருங்கிவிடும். அவருக்கு அது போதும்.

வாரத்தின் மொத்தத் தூரத்தில் நீள் ஓட்டம் முப்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று புத்தகங்களில் ஒரு விதி உண்டு. வாரம் ஐந்தாறு நாள் ஓடுகிறவர்களுக்கு அது பொருந்தும். வேலைக்குப் போய்க்கொண்டு வாரம் நான்கு நாள் ஓடுகிறவருக்குச் செவ்வாய் 6, வியாழன் 8, வெள்ளி 5, ஞாயிறு 15 என்றால் நீள் ஓட்டமே நாற்பது சதவீதத்தைத் தாண்டிவிடும். அது தவறில்லை, பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. வார நாட்களில் ஓடாமல் ஞாயிறு மட்டும் பதினைந்து கிலோமீட்டர் ஓடுவதுதான் உண்மையான தவறு. அப்படிச் செய்கிறவர்களின் கால்களுக்கு ஒவ்வொரு ஞாயிறும் புது அதிர்ச்சி.

இந்தத் தயாரிப்புக் காலம் வடகிழக்குப் பருவமழைக் காலமும்கூட. மழை பெய்து தண்ணீர் தேங்கிய சாலையில் மூடியில்லாத பாதாளச் சாக்கடையும் அறுந்த மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு போனால் போகட்டும். தவறவிட்ட தூரத்தை அடுத்த வாரம் சேர்த்து ஓடிக் கணக்குத் தீர்க்க வேண்டாம்.

புழுக்கம், தண்ணீர், உப்பு

சென்னையில் விடியற்காலையில் வெப்பம் குறைவு, ஆனால் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை வழிந்து சொட்டுமே தவிர ஆவியாகாது. உடம்புச் சூட்டைத் தணிக்கத் தோலுக்கு ரத்தம் அதிகமாகப் போக வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு ஏறுகிறது. பெங்களூரில் ஏழரை நிமிட வேகத்தில் சுகமாக ஓடியவர் மே மாதச் சென்னையில் அதே வேகத்தில் திணறுவார். கோடையில் கிலோமீட்டருக்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ குறைத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். வெளிச்சம் வருவதற்குள் பாதித் தூரம் முடியும்படி தொடங்குங்கள். குளிர்வதுபோல் நடுங்குவது, உளறுவது, வழி தவறித் தடுமாறுவது வெப்பத் தாக்குதலின் அறிகுறிகள். அப்படி ஒருவரைக் கண்டால் நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறி, ஆம்புலன்ஸை அழையுங்கள்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. உங்கள் அளவை வீட்டுத் தராசிலேயே கண்டுபிடிக்கலாம். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். இரண்டு மணி நேரம் ஓடி, அரை லிட்டர் குடித்து, ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தால், வியர்வையாகப் போனது இரண்டு லிட்டர், அதாவது மணிக்கு ஒரு லிட்டர். அத்தனையையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. தாகத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாகக் குடித்து, எடையில் இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் இழக்காமல் இருந்தால் நல்லது.

அதிகமாகக் குடிப்பதிலும் ஆபத்து உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும் அவர்களில் அதிகம். மெதுவாக ஓடுகிறவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெறும் தண்ணீரைக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். முற்றினால் வலிப்பும் மயக்கமும் வரலாம். எனவே ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருக்கவே கூடாது.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் உப்பும் சேரட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடியில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு இருக்கிறது. வியர்வையில் போகும் சோடியத்தை ஈடுகட்ட அது உதவும். இளநீர் நல்ல பானம்தான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஓடி முடித்து இளநீர் குடிக்கிறவர்கள் கூடவே உப்புப் போட்ட மோரோ காலை உணவோ எடுத்துக்கொள்ளுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

என்ன சாப்பிடுவது?

முந்தைய இரவு வழக்கமான சாப்பாடே போதும். எண்ணெயும் காரமும் குறைவாக, சீக்கிரமாக. காலையில் ஓடுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு ரொட்டியோ. ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் கிடைக்கும். பேரீச்சம்பழமும் ஏற்றது. கடலை மிட்டாயில் கொழுப்பும் இருப்பதால் செரிக்க நேரமாகும். அதை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கடைகளில் விற்கும் ஜெல் வசதியானது, கட்டாயம் இல்லை. போட்டி நாளில் எதைச் சாப்பிடப்போகிறீர்களோ அதை நீள் ஓட்டத்தில் சாப்பிட்டுப் பழகுங்கள். கால்களைப்போல் வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும்.

வலி நிவாரண மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஓடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நிறுத்தச் சொல்லும் வலியையும் அவை மறைத்துவிடும்.

சாலையில்

நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி, சாலையின் வலது ஓரமாக ஓடுங்கள். இருட்டில் ஒளிரும் பட்டையுள்ள மேல்சட்டை அவசியம். இரண்டு காதிலும் பாட்டுக் கருவியை மாட்டிக்கொள்ள வேண்டாம். தெருநாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், ஓடினால் துரத்தும். ஒரே நேராகப் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்புவதைவிட, ஐந்து கிலோமீட்டர் வட்டத்தை நான்கு முறை ஓடுவது நடுவயதுக்காரருக்குப் பாதுகாப்பு. தண்ணீர் ஓரிடத்தில் வைக்கலாம். முடியாமல் போனால் வீடு பக்கத்தில் இருக்கும்.

பெண்களுக்கு இந்த வட்டம் இன்னும் அவசியம். விடியலுக்கு முன் தனியாக நெடுந்தூரம் ஓடும் பாதுகாப்பும், வழியில் சுத்தமான கழிப்பறையும் நம் சாலைகளில் எளிதில் கிடைப்பதில்லை. நகராட்சிகள் பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் விளக்கோடும் கழிப்பறையோடும் காலை நான்கரைக்கே திறந்துவைத்தால் ஓடும் பெண்கள் பெருகுவார்கள் என்று நம்புகிறேன். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பின் அடர்த்தி இறங்கும். ஓட்டத்தின் அதிர்வும் பளு தூக்கும் பயிற்சியும் எலும்புக்கு உதவும். தூரத்தை மட்டும் இன்னும் நிதானமாகக் கூட்ட வேண்டும். ரத்தச்சோகை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குவதற்குப் பயிற்சிக் குறைவு காரணமாக இல்லாமல் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம்.

ஷூ ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். விலையைவிட, உங்கள் பாதத்துக்குப் பொருந்துகிறதா, விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தொடை, அக்குள் உரசும் இடங்களில் வாசலின் தடவிக்கொண்டால் நீள் ஓட்டத்தின் எரிச்சல் பாதி குறையும்.

ஓடி முடித்த பிறகு

சட்டென்று உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த உணவு வேண்டும். இட்லி சாம்பாரோடு இரண்டு முட்டை, அல்லது பொங்கலோடு ஒரு கிண்ணம் சுண்டல். வயது கூடக்கூடத் தசை தேற அதிகப் புரதம் வேண்டும் என்பதால் இட்லி மட்டும் போதாது. அன்று மதியம் அரை மணி நேரத் தூக்கம் நல்ல மருந்து.

மறுநாள் இரண்டு தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாக இருக்கும் வலி இயல்பானது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். விரலால் தொட்டுக்காட்டும்படி ஒரே இடத்தில், ஒரே காலில், எலும்பின் மேல் வலித்தால் அது எச்சரிக்கை. படியிறங்கும்போது நொண்டவைக்கும் வலியோ வீக்கமோ இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம், தசைக்கான பயிற்சி செய்யுங்கள். ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது. வீட்டிலேயே செய்துவிடலாம். நாற்பத்தைந்துக்கு மேல் ஓடுகிறவருக்கு இது கூடுதல் வேலை இல்லை, ஓட்டத்தின் ஒரு பகுதி.

நீள் ஓட்டம் நன்றாக அமைந்ததா என்பதை ஞாயிறு காலை கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை எழுந்து ஆறு கிலோமீட்டர் ஓட மனமும் காலும் ஒத்துழைக்கின்றனவா என்று பாருங்கள். ஒத்துழைத்தால் ஞாயிறு ஓடிய தூரமும் வேகமும் உங்களுக்குச் சரியானவை. படியேறவே முடியவில்லை என்றால் அடுத்த ஞாயிறு இரண்டு கிலோமீட்டர் குறையுங்கள், அல்லது கிலோமீட்டருக்கு அரை நிமிடம் மெதுவாக ஓடுங்கள். இப்படி வாரம் வாரம் திருத்திக்கொண்டு ஓடுகிறவர் ஐம்பதிலும் ஓடுவார், அறுபதிலும் ஓடுவார். ஒரு ஜனவரிப் பதக்கத்தைவிட அது பெரிய பரிசு.